சிக்னலில் சம்பாதிக்கும் கார்

மாலை ஆறரை மணிக்கு கத்திப்பாராவிலிருந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு இறங்கும் கார்கள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். நின்றாலும் இன்ஜினை அணைக்க முடியாது. அணைத்தால் ஏ.சி. போய்விடும், சென்னை வெயிலில் அது நடக்காத காரியம். அந்த வரிசையில் ஒரு ஸ்ட்ராங் ஹைபிரிட் கிராண்ட் விட்டாராவோ ஹைரைடரோ மாட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். இன்ஜின் ஓடாது, ஏ.சி. மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் நிற்கும் மாநகரப் பேருந்து பத்தடி நகர்ந்தால் இதுவும் பத்தடி நகரும், அப்போதும் சத்தம் வராது. சுற்றி நிற்கும் அத்தனை கார்களும் பெட்ரோலைக் கரியாக்கிக்கொண்டிருக்கும்போது இது மட்டும் கணக்கில் ஒரு பைசா எழுதாமல் நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் காரை வாங்க வருகிறவர்களில் பலர் இந்தக் காட்சியை நினைத்து வருவதில்லை. லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்ற விளம்பரக் கணக்கைப் பார்த்துவிட்டு, "அடிக்கடி ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கு, மைலேஜ் வண்டியா பாத்து எடுத்துடலாம்" என்று வருகிறார்கள். ஆனால் இந்த வண்டி தன் விலையைத் திருப்பித் தருவது நான்குவழிச் சாலையில் அல்ல, நகர நெரிசலில். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் பிறகு, "அவங்க சொன்ன மைலேஜ் வரலையே" என்று சர்வீஸ் சென்டரில் சண்டை பிடிக்கிறார்கள்.

முக்கால் யூனிட் பேட்டரி

காம்பாக்ட் எஸ்.யூ.வி. வகையில் ஹைபிரிட் என்ற பேச்சு நம் ஊரில் சூடு பிடித்தது 2022-ல். டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் அந்த ஆண்டு செப்டம்பரில் விலை அறிவிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. பெயர்ப்பலகை இரண்டு, உள்ளே இருப்பது ஒன்றே. அடித்தளம் சுஸுகியுடையது, ஹைபிரிட் இயந்திரம் டொயோட்டாவுடையது. இரண்டும் பெங்களூருவை அடுத்த பிடதி ஆலையில் பிறந்தவை. 2025 செப்டம்பரில் மாருதியின் விக்டோரிஸ், 28.65 என்ற மைலேஜ் கணக்கோடு அதே இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஆக இன்றைக்கு இந்த வகையில் முழு ஹைபிரிட், அதாவது ஸ்ட்ராங் ஹைபிரிட் கேட்டுப் போகிறவர், எந்த ஷோரூமுக்குப் போனாலும் பார்க்கப்போவது பெரும்பாலும் இந்த ஒரே குடும்பத்தைத்தான்.

அந்த இயந்திரத்தில் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று இருக்கிறது. தனியாக அது தருவது 92 குதிரைத்திறன்தான். அட்கின்சன் முறையில் ஓடும் இன்ஜின் இது. பிரிட்டிஷ் பொறியாளர் ஜேம்ஸ் அட்கின்சன் 1880-களில் யோசித்த வழி, எரிபொருளை மிச்சம் பிடிக்கும், ஆனால் கீழ்வேகத்தில் இழுவை குறையும். அந்தக் குறையை 80 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று சரிக்கட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது சுமார் 115. தொண்ணூற்றிரண்டும் எண்பதும் நூற்று எழுபத்திரண்டு ஆயிற்றே என்று கூட்டிப் பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். பேட்டரியால் ஒரே நேரத்தில் தரமுடிந்த மின்சாரத்துக்கு எல்லை உண்டு.

அந்த பேட்டரிதான் இந்தக் கதையின் நாயகன், அளவில் மிகச் சிறிய நாயகன். அதன் கொள்ளளவு 0.76 யூனிட். வீட்டு மின்கட்டண அட்டையில் வருகிற அதே யூனிட்டில் முக்கால்தான். அதை மட்டும் நம்பி ஓட்டினால் நாலைந்து கிலோமீட்டர் போவதே பெரிது. பெரிய தொட்டியாக இல்லாததுதான் இதன் சூட்சுமம். பிரேக் பிடிக்கும்போது நிரம்பும், கிளம்பும்போது வடியும், மறுபடி நிரம்பும். நகரத்தில் ஒரு மணி நேரத்தில் இது நூறு தடவைகூட நடக்கும். சாதாரண காரில் பிரேக் தகட்டில் வெறும் சூடாகிப் போகும் ஆற்றல், இதில் அடுத்த சிக்னலில் வண்டியைக் கிளப்பப் பயன்படுகிறது. டொயோட்டா தன் சோதனைகளை வைத்து, ஓடும் தூரத்தில் 40 சதவிகிதமும் நேரத்தில் 60 சதவிகிதமும் இன்ஜின் அணைந்தே இருக்கும் என்கிறது. அண்ணா சாலையில் அது நம்பக்கூடிய கணக்கு. விழுப்புரம் தாண்டி நூறில் போகிறபோது இல்லை. பிரேக்கே பிடிக்காத இடத்தில் திரும்ப எடுக்க என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதில் வழக்கமான கியர்பாக்ஸ் இல்லை, கிளட்ச் இல்லை, செல்ஃப் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. ஏ.சி. கம்ப்ரஸருக்கு பெல்ட்டும் கிடையாது, அது மின்சாரத்திலேயே ஓடுகிறது. இன்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் கோள்பற்சக்கரத் தொகுதி ஒன்று இணைத்துவைக்கிறது. "ஹைபிரிட்னா ரிப்பேர் ஜாஸ்தி" என்று பயமுறுத்துகிறவர்களிடம், சாதாரண காரில் அடிக்கடி தேய்ந்து மாற்றப்படும் சாமான்களில் பாதி இதில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். டொயோட்டா முதல் பிரியஸை ஜப்பானில் விற்றது 1997-ல். கால் நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்க டாக்ஸியாகவே அடிபட்டுத் தேறிய வடிவமைப்பு இது.

எந்த ஹைபிரிட் சார்?

ஷோரூமில் நடக்கும் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

"ஹைபிரிட் இருக்கா தம்பி?"

"இருக்கு சார், எல்லாமே ஹைபிரிட்தான். இது ஸ்மார்ட் ஹைபிரிட், விலையும் கம்மி."

பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அதே காரின் விலை குறைந்த வடிவங்களில் இருப்பது 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், 103 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின். அதோடு ஸ்டார்ட்டர் வேலையையும் பார்க்கும் ஒரு சிறு மோட்டார். அந்த மோட்டார் இன்ஜினுக்குத் தோள் கொடுக்கும், தனியாக வண்டியை ஓரடிகூட நகர்த்தாது. மாருதி இதை ஸ்மார்ட் ஹைபிரிட் என்கிறது, டொயோட்டா நியோ டிரைவ் என்கிறது. பொதுப்பெயர் மைல்ட் ஹைபிரிட். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கையால் போடும் கியர் இருந்தால் அது ஸ்ட்ராங் ஹைபிரிட் இல்லை. ஆட்டோமேட்டிக் என்றால் இ.வி. பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு சக்கர இழுவை வேண்டுமென்றாலும் இந்த மைல்ட் வகையில்தான், ஸ்ட்ராங்கில் கிடையாது.

இப்போது பணம். ஹைரைடர் அறிமுகமானபோது உச்ச வகையில் சாதாரண ஆட்டோமேட்டிக் 17.09 லட்சம், ஸ்ட்ராங் ஹைபிரிட் 18.99 லட்சம். பிறகு விலைகள் ஏறி இறங்கியிருந்தாலும், இடைவெளியைச் சுமார் இரண்டு லட்சம் என்று வைத்துக் கணக்குப் போடலாம். ஆனால் நாம் கொடுப்பது எக்ஸ்-ஷோரூம் விலை அல்ல. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு சாலை வரியை உயர்த்தியதிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவிகிதம் வரி. அதைத் தாண்டினால் 20 சதவிகிதம். அந்த இரண்டு லட்சத்துக்கும் சேர்த்து வரி கட்டி, இன்ஷூரன்ஸும் போட்டால் இடைவெளி ஏறத்தாழ 2.4 லட்சம்.

அதைத் திருப்பி எடுக்க எவ்வளவு நாள்? சென்னை நெரிசலில் மைல்ட் ஆட்டோமேட்டிக் 12 கிலோமீட்டர் கொடுப்பதாகவும் ஸ்ட்ராங் 22 கொடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டுமே ஓட்டுகிறவர்கள் பரவலாகச் சொல்லும் எண்களை ஒட்டியவை. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் முன்னது குடிப்பது 833 லிட்டர், பின்னது 455. லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 37,800 ரூபாய் மிச்சம். ஆறு ஆண்டு சொச்சத்தில் கூடுதல் விலை கழிகிறது. அம்பத்தூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கு தினமும் போய்வந்து மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மூன்றரை ஆண்டிலேயே கழிந்துவிடும்.

அதே 10,000 கிலோமீட்டரை முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் கணக்கைப் பாருங்கள். அங்கே மைல்ட் வண்டியும் 17 கொடுக்கும், ஸ்ட்ராங் 21 கொடுக்கும். ஆண்டுக்கு மிச்சம் 11,200 ரூபாய். 2.4 லட்சத்தை எடுக்க இருபத்தோரு ஆண்டு ஆகும். காரின் ஆர்.சி. புத்தகத்துக்கே ஆயுள் பதினைந்து ஆண்டுதான்.

மதுரையில் ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு வாரம் இருமுறை கோவைக்கோ சென்னைக்கோ ஓடுகிறவருக்கு இது சரியான கார் இல்லை என்று துணிந்து சொல்வேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டாவின் 1.5 லிட்டர் டீசல், 250 நியூட்டன் மீட்டர் இழுவையோடு அவருக்காகவே செய்ததுபோல இருக்கிறது. லாரியைத் தாண்டும்போது ஹைபிரிட்டின் மூன்று சிலிண்டர் இன்ஜின் போடும் கூச்சலும் அவருக்குப் பிடிக்காது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் முதலில் சத்தம் வருகிறது, கொஞ்சம் கழித்துத்தான் வேகம் வருகிறது.

கணக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. நெரிசலில் இந்த வண்டி தரும் நிதானம். கியர் மாறும் குலுக்கல் இல்லை, இன்ஜின் நடுக்கம் இல்லை. வீட்டுக்கு வந்து இறங்கும்போது இடது காலும் தலையும் வலிக்காமல் இருப்பதற்கு எத்தனை ரூபாய் போடுவது? அந்தக் காரணத்துக்காக மட்டுமே வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மைலேஜ் பற்றி அவர்கள் புலம்பிக் கேட்டதில்லை.

ஊட்டி இறக்கத்தில் ஒரு கூச்சல்

புதிதாக வாங்கியவர்கள் முதல்முறை மலை இறங்கும்போது பயந்துபோவது வழக்கம். குன்னூர் தாண்டி பர்லியாறு நோக்கி இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை. திரையில் பேட்டரி முழுதாக நிரம்பியதாகக் காட்டுகிறது. திடீரென்று இன்ஜின் தானாக உறுமத் தொடங்கும். ஏதோ கோளாறு என்று ஓரம் கட்டி பானட்டைத் திறந்து பார்க்கிறவர்களும் உண்டு.

கோளாறு எதுவும் இல்லை. ஊட்டி இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். மேட்டுப்பாளையத்துக்கு வந்து சேரும்போது சுமார் 1,900 மீட்டர் இறங்கியிருப்போம். நான்கு பேர் உட்கார்ந்த ஒன்றரை டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால் ஏறத்தாழ எட்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சாலை உராய்வும் காற்றும் தின்றதுபோக ஐந்து யூனிட்டாவது பிரேக்கின் தலையில் விழும். நம்மிடம் இருப்பதோ முக்கால் யூனிட் பேட்டரி. முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே அது நிரம்பிவிடும். அதற்கு மேல் வரும் மின்சாரத்தை வைக்க இடமில்லாததால், பெட்ரோல் விடாமலே இன்ஜினைச் சுழற்றி அதன் எதிர்ப்பில் வண்டி வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. சாதாரண காரில் செகண்ட் கியரில் இறங்குவதும் இதே வேலைதான். அங்கே கியரை நாம் போடுகிறோம்.

கியர் குமிழில் 'டி'க்கு அடுத்து இருக்கும் 'பி' (B) என்ற எழுத்து இதற்காகத்தான். மலை இறங்கத் தொடங்கும்போதே அதைப் போட்டுவிட வேண்டும். வெறும் பிரேக் பெடலை நம்பி இறங்கினால், பேட்டரி நிரம்பிய பிறகு சுமையில் பெரும்பகுதி பிரேக் தகடுகள் மேல் வந்துவிடும். ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை என்று எங்கே போனாலும் இதே விதிதான். டெலிவரி நாளில் மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுக்கும் ஷோரூம்காரர்கள், இந்த ஓர் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஒதுக்கினால் புண்ணியம்.

டிக்கியைத் திறந்து பாருங்கள்

ஊருக்குப் போய்வரவே கார் என்கிறவர்களுக்கு இன்னொரு இடி டிக்கியில் காத்திருக்கிறது. மைல்ட் வகையில் 373 லிட்டர் இடம். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் பேட்டரி டிக்கியின் தரைக்கடியில் உட்கார்ந்திருப்பதால் சுமார் 265 லிட்டர்தான். குறைந்தது உயரத்தில். பெரிய டிராலி சூட்கேஸை நிமிர்த்தி வைத்தால் மேல்மூடி மூடாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மா ஏற்றிவிடும் அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு, வாழைத்தார், இரண்டு கட்டைப்பை எல்லாம் பின் சீட்டில் குழந்தைகளின் காலடிக்கு வந்துவிடும். வாங்கும்முன் உங்கள் வீட்டுப் பெட்டிகளையே எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். விற்பனைப் பிரதிநிதி சிரிப்பார், சிரிக்கட்டும்.

பேட்டரியைப் பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு, அந்தப் பயம் பெரும்பாலும் தவறான பேட்டரி மேல் இருக்கிறது. ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். ஜப்பானிலிருந்து வந்த பிரியஸும் அக்வாவும் வெசலும் அங்கே எத்தனையோ ஆண்டுகளாக ஓடுகின்றன. ஹைபிரிட் பேட்டரியைச் சோதித்து, கெட்ட செல்லை மட்டும் மாற்றிக் கொடுப்பதே தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. ஆனால் இந்தக் காரில் இன்னொரு பேட்டரியும் இருக்கிறது, நாமெல்லாம் அறிந்த 12 வோல்ட் பேட்டரி. கம்ப்யூட்டர்களை விழிக்கவைப்பது அதுதான். இரண்டு மூன்று வாரம் வண்டியை எடுக்காமல் வைத்துவிட்டு வந்தால் அது இறங்கியிருக்கும். பெரிய பேட்டரி தெம்பாக இருந்தாலும் வண்டி விழிக்காது. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் யாரையாவது வண்டியை 'ரெடி' நிலையில் வைக்கச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஓட்டக்கூட வேண்டாம்.

பின் இருக்கைப் பக்கம் ஒரு காற்றுத் துளை இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. துணி மூட்டையோ, போர்வையோ, தலையணையோ அதை அடைக்கக் கூடாது. சர்வீஸுக்கு விடும்போது அந்த வழியையும் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளம் சென்னைக்காரர்களின் தனிக் கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு, அடுத்த ஆண்டு அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசை கட்டி கார்களை நிறுத்தினார்களே, அவர்கள் செய்தது முழுக்கச் சரி. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர் இன்னும் ஒரு படி முன்னால் கிளம்ப வேண்டும். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் எல்லாம் உயர் அழுத்த மின்சாரம், தெருமுனை மெக்கானிக்கை விட்டுத் தொடச்சொல்லக் கூடாது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீட்டோடு, ஹைபிரிட் பேட்டரியும் அதில் அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

வரி விஷயத்தில் இந்தக் கார்களுக்கு ராசி இல்லை. 2015-ல் மைல்ட் ஹைபிரிட்டுக்குக்கூட மானியம் கொடுத்த மத்திய அரசு 2017-ல் அதை நிறுத்தியது. அதே ஆண்டு வந்த ஜி.எஸ்.டி. இந்த வகை ஹைபிரிட் மேல் செஸ்ஸோடு சேர்த்து 43 சதவிகிதம் போட்டது. 2025 செப்டம்பர் மாற்றத்தில் அது 40 ஆனது. மின்சாரக் காருக்கு வெறும் 5. உத்தரப் பிரதேசம் 2024-ல் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியை ரத்து செய்தபோது, மின்சாரக் கார்களில் பணம் போட்ட நிறுவனங்கள் முணுமுணுத்தன. தமிழ்நாடு மின்சாரக் காருக்குச் சலுகை தந்தது, ஹைபிரிட்டுக்குத் தரவில்லை.

அப்படியானால் மின்சாரக் காரே வாங்கிவிடலாமே? சொந்த வீடு, சொந்த பார்க்கிங், சுவரில் ஒரு சார்ஜர் இருந்தால் தாராளமாக. நகரத்தில் ஓட்ட அதைவிட மலிவு வேறில்லை. ஆனால் அறுபது வீடு கொண்ட பழைய அடுக்குமாடியில், பார்க்கிங் தூணில் பிளக் பாயின்ட் வைக்க சங்கக் கூட்டத்தில் அனுமதி வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு. "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க சார்" என்ற ஒரு வரியில் முடிந்துவிடும். நகரத்துக்குள்ளேயே ஓடி, வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல், ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் ஊருக்குப் போய்வருகிற குடும்பம், இதுதான் ஹைபிரிட் காம்பாக்ட் எஸ்.யூ.வி.க்கு ஏற்ற வீடு. 45 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், திரும்பும் வழியில் திருநெல்வேலி வரும்வரை பங்க் பக்கம் திரும்ப வேண்டாம்.

ஹூண்டாயும் கியாவும் ஹைபிரிட் கொண்டுவரப்போவதாக அறிவித்திருப்பதால், அவசரமில்லாதவர்கள் காத்திருக்கலாம். போட்டி வந்தால் டிக்கியும் விலையும் சீராகும். அவசரமுள்ளவர்கள் டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை வைத்துக்கொள்ள வேண்டாம். காலியான சாலையில் எல்லா காரும் நல்ல கார்தான். வார நாளில் மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏ.சி.யை முழுதாக வையுங்கள். கிளம்பும்முன் மைலேஜ் மீட்டரை பூஜ்ஜியமாக்கிவிட்டு, நீங்கள் தினமும் போகும் வழியிலேயே போய்வாருங்கள். பிறகு ஏதாவது ஒரு மேம்பாலத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து அந்தக் கூச்சலையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அதே நேரத்துக்கு, அதே வழியில், மைல்ட் ஆட்டோமேட்டிக்கையும் கேளுங்கள். "ரெண்டும் ஒரே வண்டிதான் சார், எதுக்கு ரெண்டு தடவை" என்பார்கள். இரண்டு மீட்டரிலும் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டு, மேலே போட்ட கணக்கில் என் 12-ஐயும் 22-ஐயும் அடித்துவிட்டு உங்கள் எண்களைப் போடுங்கள்.